சந்தேகத் தொட்டி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசும்படி முதலில் கேட்டார்கள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று யாரோ எச்சரித்திருக்க வேண்டும். மறுநாளே, எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் ஓய்வு பெறவில்லை. என் முட்டிகள் இரண்டும்தான் பெற்றன. அவற்றைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே கிளம்பிவிட்டேன். ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்தே வாலிபத்தைக் கழித்தவனுக்கு, ஐம்பது தாண்டியதும் மாடிப்படி மலையாகிவிடுகிறது. நீங்கள் இப்போதே ஒரு முக்காலி வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான ஆலோசனை இது ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குழாய் மாட்டுவது, தண்ணீரில் உப்புப் பார்ப்பது, மோட்டார் சூடானால் என்ன செய்வது என்பதையெல்லாம் யூசுப் காட்டுவார். அவர் என்னோடு சேர்ந்தவர், என் வயதுக்காரர், பம்ப் அவர் பொறுப்பு. அவர் முட்டி இன்னும் நன்றாக இருப்பது எனக்கு ஒரு தனிப்பட்ட வருத்தம். நான் எழுதப்போவது, ஒரு மழைக்காலக் காலையில் நாங்கள் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று தெரியாமல் விழித்ததைப் பற்றி.

திருவொற்றியூர் கடலோரத்து நம் ஷெட்டில் அப்போதும் இதே ஏற்பாடுதான். ஒரு பக்கம் வியாபாரத்துக்குக் கோமாளி மீன் வளர்ப்பு. (அந்தப் பேரைப் பார்த்துத்தான் என்னை அதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள் என்று யூசுப் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.) இன்னொரு பக்கம், ஆராய்ச்சி செய்ய வருபவர்களுக்கு விடும் ஒரு வரிசைத் தொட்டிகள். அந்த வருஷம் அந்த வரிசையில் தமிழ்ச்செல்வி இருந்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனதே அவள்தான் முதல். இது அவள் சொல்லித் தெரிந்ததல்ல. அவள் அப்பா ஒருநாள் ஷெட்டைப் பார்க்க வந்தபோது சொன்னது.

அவள் வளர்த்தது காளான் பவளம். பவளம் என்றதும் மோதிரக் கல்லை நினைக்க வேண்டாம். சாதாரணப் பவளங்கள், அதாவது கல்லுப் பவளங்கள், சுண்ணாம்பில் வீடு கட்டி அதற்குள் குடியிருக்கும். இது வீடு கட்டாத ஜாதி. உடம்பில் எலும்பு மாதிரி எதுவும் கிடையாது. அடியில் ஒரு பாதம், மேலே தட்டு மாதிரி விரிந்த சதை, நடுவில் ஒரு வாய். அவ்வளவுதான் ஆள். தட்டின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். அந்தப் பாசி வெயிலில் சமைக்கும், இது உட்கார்ந்து சாப்பிடும். பெரிய சைஸ் ரகங்கள் சில, மேலே படுக்க வரும் சின்ன மீனைச் சுருக்குப் பை மாதிரி மூடி விழுங்கிவிடுவதும் உண்டு.

பிள்ளை பெறுகிற விதம்தான் விசேஷம். பாறையில் மெல்ல நகரும்போது பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்து பின்னால் தங்கிவிடும். அந்தத் துணுக்கு தனியாக ஒரு ஆளாக வளரும். சில சமயம் நடுவே பிளந்து இரண்டாகும். நாம் பிளேடால் வெட்டினாலும் அதே கதைதான். தமிழ்ச்செல்வி ஒரே ஒரு தாய்க் காளானை, முறையான அனுமதியோடு வெளியூரிலிருந்து கொண்டுவந்து, அதை வெட்டி வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு ஓட்டுத் துண்டில் ஒட்டவைத்து, ஒரு வரிசை முழுக்க நிரப்பியிருந்தாள். எல்லாம் ஒரே உடம்பு. அதனால்தான் அதை வைத்து நம்பகமாக எதையாவது சொல்ல முடியும் என்பாள்.

அவள் பார்க்க நினைத்தது இதுதான். கடல் கெட்டு, கல்லுப் பவளங்கள் செத்துப்போன பாறையில் இந்தக் காளான்கள் வந்து பாயை விரித்துவிடுகின்றன. பிறகு அங்கே கல்லுப் பவளத்தின் குஞ்சுகள் வந்து உட்கார இடம் கிடைப்பதில்லை. பக்கத்தில் இருப்பதைக் காளான் தன் விளிம்பால் சுட்டே கொன்றுவிடும். இதை எப்படித் தடுப்பது, எந்த நிலையில் இது தளரும் என்பது அவள் கேள்வி.

"அப்ப இது வில்லன்தானே? இதுக்குப் போய் இவ்ளோ சீராட்றியே," என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நான் இதுங்களுக்கு ரசிகை இல்லண்ணா. ஆனா ஒருத்தன எதுத்து நிக்கணும்னா அவன் இன்னா துன்றான், எப்ப தூங்குறான்னு தெரியணும்ல."

அவளுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை அடுத்த வருஷத்தோடு முடிவதாக இருந்தது. புதிதாக ஒரு தாயைக் கொண்டுவர அனுமதி, வளர்ப்பு என்று போனால் அந்தக் காலம் அதற்கே சரியாகிவிடும். அந்த வரிசை போனால் படிப்பும் போனது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

நல்ல மழை ஓய்ந்த மறுநாள் காலை. நான் ஷெட்டுக்குள் நுழையும்போதே யூசுப் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மாமு, தண்ணி பெட்ரோல் பங்க் கணக்கா நாறுது."

"பம்ப் ஓடுதா?"

"நிறுத்திட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே கொஞ்ச நேரம் ஓடிக்கினு இருந்துச்சு. கடல் பக்கம் போய்ப் பாரு. கரை பூரா கருப்பா, கலீஜா கீது."

போய்ப் பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணெய், அலையோடு ஏறி மணலில் படிந்துகொண்டிருந்தது. குப்பத்து ஆட்கள் வலையை எடுத்து மேட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் திட்டக்கூட இல்லை.

உள்ளே வந்தால், மீன் பக்கம் தப்பித்திருந்தது. கடலிலிருந்து வரும் தண்ணீர் முதலில் எந்தத் தொட்டிக்குப் போகுமோ அந்தத் தொட்டிகள்தான் அடிவாங்கியிருந்தன. அது காளான் வரிசை. குழாய் போடும்போதே அப்படிப் போட்டிருந்தார்கள். மீன் நோஞ்சான், காளான் எதையும் தாங்கும், அது முன்னால் இருக்கட்டும் என்பது அப்போதிருந்த மேனேஜரின் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருந்தது.

தட்டு மாதிரி விரிந்து கிடந்தவை எல்லாம் சுருங்கி, கொட்டைப்பாக்கு அளவில் இருந்தன. சில, வாய் வழியே வெள்ளை நூல் நூலாகக் கக்கியிருந்தன. மேலே சளி. சில ஓட்டுத் துண்டை விட்டுக் கழன்று தொட்டியின் அடியில் உருண்டு கிடந்தன.

நம் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மெத்தென்று உடம்புள்ளது எதுவும் செத்துவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அழுகி, அந்தத் தண்ணீரில் உயிரோடு இருப்பதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். யூசுப் அந்தப் பழக்கப்படியே வாளியும் வலைக்கரண்டியுமாக வந்துவிட்டார்.

"எல்லாம் பூட்ச்சு மாமு. அள்ளிக் கடாசிட்டு தொட்டியக் கழுவுவோம். அந்தப் பொண்ணு வந்து பாத்தா தாங்காது."

"செத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மோந்து பாரு."

மோந்து பார்ப்பதுதான் சரியான வழி. செத்த காளானின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மதியச் சாப்பாடு கிடையாது, சந்தேகத்துக்கே இடமில்லை. நான் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன். எண்ணெய் நாற்றம். இன்னொன்றை எடுத்தேன். எண்ணெய். என் கையை மோந்தேன். எண்ணெய். யூசுப்பின் சட்டையையும் மோந்து பார்த்தேன்.

"இன்னா மாமு, நானும் செத்துட்டனா?"

அன்றைக்கு மூக்கு வேலைக்கு ஆகவில்லை. அடுத்த வழி, பிடி. உயிருள்ளது கல்லைப் பிடித்திருக்கும், செத்தது விட்டுவிடும் என்று சொல்வார்கள். ஆனால் காளான் பவளம் இடம் பிடிக்காவிட்டால் தானாகவே பிடியை விட்டு, தண்ணீரோடு மிதந்து வேறு இடம் தேடிப் போகும் என்று தமிழ்ச்செல்வி முன்பே சொல்லியிருந்தாள். கழன்று கிடப்பவை செத்தவையா, வீடு காலி செய்தவையா?

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒருவரிடம் இருந்தேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் தொட்டி வரிசையின் ஓரத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பு வைத்திருப்பார். உயிரோடு இருப்பது தொட்டிக்கு, செத்தது குப்பைக்கு, தெரியாதது அந்த டப்புக்கு. அதற்குச் சந்தேகத் தொட்டி என்று பேர். "தெரிலன்னா தெரிலன்னு வைக்கறதுக்கு ஒரு எடம் வோணும்பா. இல்லன்னா கை தானா குப்ப பக்கம் பூடும்," என்பார். என்னையும் வேலைக்குச் சேர்த்த முதல் மாதம் அந்த டப்புக்குப் பக்கத்தில்தான் உட்காரவைத்திருந்தார். காரணம் கேட்கவில்லை.

யூசுப்பின் கையிலிருந்து கரண்டியை வாங்கிவைத்துவிட்டு, மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் மணலி புதுநகரில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்று மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேல்தொட்டியில நேத்து ஏத்தின நல்ல தண்ணி இருக்குல்ல? அது பூரா மீனுக்கு. சொட்டு கூட வேற எதுக்கும் போகக் கூடாது. காளான அந்தப் பொண்ணு வந்து பாத்துக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கடல் எப்போது தெளியும் என்று யாருக்கும் தெரியாது. மீன் நிச்சயமாக உயிரோடு இருந்தது. காளான் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நிச்சயமானதற்கு வேண்டிய தண்ணீரை எடுத்துச் சந்தேகத்துக்கு ஊற்றுவது எந்தக் கணக்கில் சேரும்?

அந்த நேரத்தில் தமிழ்ச்செல்வி வந்தாள். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணீர் நின்று பஸ் ஓடாததால் பாதித் தூரம் நடந்தே வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. வரிசையைப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

யூசுப்தான் பேசினார். "விட்றுமா. கவலப்படாத. இதுங்க நம்ம ஏரியா ஜனங்க மாதிரி. எத்த கொட்னாலும் தாங்கும்."

"யூசுப்ணா," என்றாள். குரல் உயரவில்லை. "தாங்குது தாங்குதுன்னு சொல்லித்தான் எல்லாத்தையும் நம்ம தலைல கொட்டிக்கினு கீறாங்க. நீங்களும் அத்த சொல்லாதீங்க."

யூசுப் எர்ணாவூர்க்காரர். அவர் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் சாயங்காலம் ஆலைப் புகையின் கறுப்புத் தூளோடு எடுக்க வேண்டும். அவர் வாளியை ஓரமாக வைத்தார்.

"எது செத்துச்சு, எது இல்லன்னு எப்படிமா பாக்கறது?" என்று கேட்டேன்.

"இப்ப பாக்க முடியாதுண்ணா. எண்ணெய விட்டு வெளிய எடுத்து, வேற தண்ணில போட்டு, காத்துக்கினு இருக்கணும். அதான் டெஸ்ட்."

"வேற தண்ணி இல்லமா. மேல கீறது மீனுக்குன்னு சொல்ட்டாரு."

அவள் மீன் பக்கம் பார்த்தாள். அங்கே நான் போனை வைத்ததும் வழக்கம்போல, மீன் தொட்டிகளின் அடித்தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விடத் தயாராக வைத்திருந்தேன். உறிஞ்சிய தண்ணீர் டிரம்மில் நின்றது. மீன் கழிவும் மிச்சத் தீனியுமாக, லேசான மஞ்சள்.

"அத்த இன்னா பண்ணுவீங்க?"

"சாக்கடைல ஊத்துவேன்."

"எனக்குக் குடுங்க."

"அது கழிவுமா."

"கழிவு வேற, விஷம் வேறண்ணா. அதுல எண்ணெய் இல்ல. மீன் கழிவு இதுங்களுக்கு எரு மாதிரி. உள்ள இருக்கற பாசி எடுத்துக்கும். சுத்தமான தண்ணில கல்லுப் பவளம் நல்லா இருக்கும். இதுங்களுக்குக் கொஞ்சம் அழுக்கு இருந்தா நஷ்டம் இல்ல."

என்னை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் நான் செய்த வேலையே தண்ணீரைச் சுத்தமாக வைப்பது. சுத்தம் என்றால் நல்லது, அழுக்கு என்றால் கெட்டது என்று பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டவன். எந்த அழுக்கு, யாருக்கு என்று கேட்டதே இல்லை. அவள் அந்தக் கேள்வியைச் சேறு காயாத காலோடு நின்று கேட்டாள். அவள் படித்தது அதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு சிக்கல் இருந்தது. காளான்கள் மேல் எண்ணெய்ப் படலம். அதை முதலில் நல்ல தண்ணீரில் அலசி எடுக்காமல் டிரம்மில் போட்டால், டிரம்மும் கெடும். அதற்கு இரண்டு வாளி நல்ல தண்ணீராவது வேண்டும். மேல்தொட்டியிலிருந்துதான்.

மறுபடி போன் போட்டேன். இங்கே நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் செய்துவிட்டுப் பிறகு சொல்வது ஒரு வழி, கேட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னொரு வழி. இரண்டிலும் யாராவது சாவார்கள், மீனோ காளானோ நம் வேலையோ. நான் செய்யப்போவதைச் சொன்னேன்.

"சார், மேல்தொட்டியில ரெண்டு வாளி எடுத்துக்கறேன், காளான அலச. மீதி பூரா மீனுக்கு. அப்பறம் மீன் தண்ணி மாத்தறப்ப வர்ற பழைய தண்ணி காளானுக்கு."

"மீனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன் சார்."

"நீங்க இருக்கறதுதான் எனக்குப் பயமே," என்று சொல்லிவிட்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அலச ஆரம்பித்ததும் நான் ஒரே டப்பைத் தேடினேன். பழக்கம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டால், நடுவே செத்தது ஒன்று இருந்து அழுகினால், சந்தேகத்தில் இருப்பவை எல்லாம் நிச்சயமாகச் செத்தவை ஆகிவிடும். அவள்தான் முதலில் தயங்கினாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரு காளானுக்கு ஒரு தொட்டி வேண்டும். அத்தனை தொட்டிக்கு எங்கே போவது?

யூசுப் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிகள். பிரியாணி வாளிகள். தண்டையார்பேட்டையில் அவர் மச்சான் கேட்டரிங் வேலை பார்க்கிறார்.

"கழுவினதுதான். ஆனா மசாலா வாசன கொஞ்சம் கீது."

"தம் பிரியாணி வாளில காளான் போட்ட ஒரே ஆளு நீதான் மாமு," என்றேன்.

தமிழ்ச்செல்வி அப்போதுதான் சிரித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து வாளிகளைச் சோப்பு வாசனைகூட இல்லாமல் தேய்த்தோம். ஒரு வாளிக்கு ஒன்று, கொஞ்சம் மீன் தண்ணீர், காற்றுக்கு ஒரு சின்னக் குழாய். வெளிச்சம் அதிகம் வேண்டாம் என்று மேலே பழைய வேட்டியை விரித்தாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விசேஷத்துக்குப் பந்தி போட்ட மாதிரி இருந்திருக்கும்.

பிறகு காத்திருந்தோம். சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி. வேட்டியை விலக்கி விலக்கிப் பார்க்க கை துடிக்கும். பார்த்தால் ஒன்றைத் தொடத் தோன்றும். தொட்டால் அது இன்னும் சுருங்கும். தமிழ்ச்செல்வி காலையில் ஒருமுறை மட்டும் பார்ப்பாள். பஞ்சு மாதிரி உதிர்ந்தவற்றைத் தானே எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டாள். எண்ணெய் நாற்றம் போனபின் மூக்கும் வேலைக்குத் திரும்பியிருந்தது. தாய்க் காளான் உதிர்ந்த அன்று, யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மீன்களுக்குத் தீனி போடுவதில் எனக்கு உதவி செய்தாள். எல்லாம் ஒரே உடம்பு என்று அவளே சொல்லியிருந்தாலும், ஒன்று போனால் போனதுதான் போலிருக்கிறது.

சில நாள் கழித்து ஒரு காலை, யூசுப் வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு வாளியில், கொட்டைப்பாக்காகக் கிடந்தது இட்லியாக விரிந்திருந்தது. நடுவில் வாய் தெரிந்தது. பக்கத்து வாளியில் இன்னொன்று. வரிசையில் பெரும்பங்கு போய்விட்டது, ஆனால் ஒரு கை எண்ணிக்கைக்கு மேல் பிழைத்திருந்தன. சில, ஓட்டுத் துண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு வாளியின் சுவரையே பிடித்துக்கொண்டுவிட்டன. அவற்றை எடுக்க வாளியைத்தான் அறுக்க வேண்டியிருந்தது. மச்சானுக்கு யூசுப் என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கடல் தெளிந்து, மேனேஜரும் வந்து சேர்ந்தார். மீன் ஒன்றும் சாகவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. விரிந்திருந்த காளான்களைக் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பிறகு நிமிர்ந்து ஒரு யோசனை சொன்னார்.

"பரவாயில்லையே. மீன் தண்ணியே இதுக்குப் போதும்னா, இந்த வரிசைக்குத் தனியா ஃபில்டர் எதுக்கு? கழட்டி மீன் பக்கம் போட்டுடலாம். நல்ல தண்ணி லைனும் இதுக்கு வேணாம். எப்படியும் தாங்குது இல்ல."

அவர் கெட்டவர் அல்ல. ஷெட்டை ஓட்டுகிறவர், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கிறவர். ஆனால் நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் மேனேஜருக்குப் பிடிக்காத ஒன்று வரும். வந்தால், இடம் கொடுத்தவர் அவர், இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். எண்ணெயில் தப்பியதை இந்த யோசனையில் இழக்கப் போகிறாள்.

"சார்," என்றேன். "போன புயல்ல நான் இந்த ஷெட்ல மாட்டிக்கினு, டீயும் பொறை பிஸ்கட்டும் மட்டும் துன்னுட்டு உசுரோட இருந்தேன். ஞாபகம் கீதா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"தாங்கினேன்ல. அதுக்காக அப்பலேர்ந்து கேன்டீன மூடிட்டு, எனக்கு டெய்லி பொறை போட்டீங்களா?"

யூசுப் கேன்டீன் கதவு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மேனேஜர் முதலில் முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

"சரி சரி. ஃபில்டர் இருக்கட்டும்."

"இன்னொண்ணு சார். குழாய் லைன்ல இந்த வரிசைய முதல்ல வெச்சிருக்கோம். அத்தையும் மாத்தணும். எது வந்தாலும் முதல்ல வாங்கறது இதுங்கதான்."

"அதுக்குச் செலவு ஆகுமே."

"யூசுப் பண்ணுவாரு. பிரியாணி வாளி கொண்டுவந்த ஆளு, பைப்பு கொண்டுவர மாட்டாரா?"

நீங்கள் இன்று பார்க்கும் குழாய் வரிசை அப்போது மாற்றியதுதான். தண்ணீர் முதலில் ஒரு காலித் தொட்டியில் விழுந்து நிற்கிறது. அங்கே ஆளைவைத்து மோந்து பார்த்த பிறகுதான் எந்த உயிருக்கும் போகிறது. அந்த மோந்து பார்க்கும் வேலை உங்களில் யாருக்காவது விழும். சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் அந்த வேலையை யாரும் கேட்காமலேயே காளான்கள் பார்த்துவந்தன.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எதைப் பற்றியாவது, யாரைப் பற்றியாவது, அது தாங்கும் என்று உங்கள் வாயில் வந்தால், ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். எத்தனை நாளைக்கு, எதை, யார் சௌகரியத்துக்காக என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போனால், கரண்டியைக் கீழே வையுங்கள்.

பிழைத்தவை எல்லாம் ஓட்டுத் துண்டுகளை மறுபடி நன்றாகப் பிடித்துக்கொள்ளும் வரை தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். அவளுக்கு நாள் குறைவு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவசரப்படவில்லை. பிறகு ஒருநாள் புது பிளேடும் ஒரு பலகையுமாக வந்து உட்கார்ந்தாள். வரிசையைத் திரும்ப நிரப்ப வேண்டும் என்றால், பிழைத்தவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும்.

நான் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தேன். தட்டு மாதிரி விரிந்து, ஆரோக்கியமாக, இளம்பச்சையில் இருந்தது. எண்ணெய்க்குள்ளிருந்து எடுத்தபோது இது எந்தக் கோலத்தில் இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்க வேண்டும். பிளேடை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க வெட்றீங்களாண்ணா?"

"என்னால ஆகாதுமா. காப்பாத்தறதுக்கு ஆள் வேணும்னா கூப்பிடு. வெட்டறதுக்கு நீதான் படிச்சிருக்க."

வாய் வழியாக வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதிக்கும் வாயில் பங்கு இருக்கும். அவள் நேராக, ஒரே இழுப்பில் வெட்டினாள். இரண்டு பாதியும் உடனே சுருங்கின. எண்ணெய் வந்த காலையில் பார்த்த அதே கொட்டைப்பாக்கு. இரண்டையும் தனித்தனி வாளியில் விட்டு, மேலே வேட்டியைப் போட்டு, அன்றைக்கு வேறு எதையும் வெட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் வந்ததும் வேட்டியை விலக்கினோம். இரண்டு பாதியும் வெட்டுப்பட்ட பக்கத்தை உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வட்டமாக நின்றன. சின்ன வட்டம். ஆனால் நடுவில் வாய் இருந்தது. அவள் குனிந்து, மூச்சு தண்ணீரில் படும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நிமிர்ந்து பலகையைத் துடைத்தாள்.

"அடுத்தது எடுங்கண்ணா," என்றாள்.